அடுத்த மேசை

அம்மா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் நாள், வகுப்பறைக்குள் அவள் காலெடுத்து வைத்ததும் உள்ளே இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். தோளில் பை, மூக்கில் கண்ணாடி, காதோரம் நரை. பாடம் எடுக்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். அத்தனை பேர் நிற்கும்போது பேசாமல் போய் ஒரு மூலையில் உட்காருவதும் அம்மாவுக்குச் சரியாகப் படவில்லை.

"அப்புறம் என்னம்மா பண்ணே?" என்று கேட்டாள் சின்னவள்.

"என்ன பண்றது? 'உட்காருங்க'ன்னு சொன்னேன்."

"உட்கார்ந்தாங்களா?"

"உட்கார்ந்தாங்களே! அங்கதான் வம்பே. ஒரு பையன் நோட்டை வேற திறந்து வெச்சுக்கிட்டான். நான் மெதுவா நடந்து போய் மூணாவது பெஞ்சு ஓரத்துல உட்கார்ந்தேன். அப்பதான் நிஜமான சார் உள்ளே வர்றாரு. இந்தத் தடவை ஒருத்தர்கூட எழுந்திரிக்கல. மறுபடியும் ஏமாறக்கூடாதுன்னு எல்லாரும் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்காங்க. அவரு பிடிச்சாரு பாரு ஒரு கத்து!"

சின்னவளுக்குப் புரையேறியது. அப்பா அவள் உச்சந்தலையில் தட்டினார். தட்டிக்கொண்டே அவரும் சிரித்தார். பெரியவன் மட்டும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டான். அவன் ஒரு காதில் இயர்போன் இருந்தது. இன்னொரு காதில் இல்லை.

அம்மாவுக்கு நிலவியல் படிக்க இடம் கிடைத்தது பள்ளி முடித்த வருடத்தில். அந்த வருடம் அவளுடைய அம்மா படுத்த படுக்கையானாள். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அடுத்த வருடம் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். அந்த அடுத்த வருடம், கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, அதில் சின்னவள் தானாகத் தலைவாரிக்கொள்ளப் பழகிய பிறகுதான் வந்தது. அம்மா மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்தும் வேலை பார்த்தாள். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் கடை என்று முதலாளியிடம் பேசி முடித்துவிட்டு வந்து, ஒருநாள் சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

அப்பா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் எல்லாம் ஏறி இறங்குகிறவர் குடியிருந்ததோ லிஃப்டே இல்லாத மூன்றாவது மாடியில். அதிகம் பேசமாட்டார். "சேர்ந்துக்கோ" என்றார். சின்னவள், "உனக்கும் வீட்டுப்பாடம் தருவாங்களா?" என்று கேட்டுச் சந்தோஷப்பட்டாள். பெரியவன் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தான். அவன் கேட்டது ஒன்றுதான்.

"அந்த ஐ.டி. கார்டைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத் தெருவுக்குள்ள வராதேம்மா. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான் நிப்பாங்க."

"நான் என்ன திருடிட்டா வர்றேன்?"

"ப்ளீஸ்மா."

அன்றிலிருந்து அம்மா தெருமுனை மருந்துக்கடை வாசலிலேயே அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சாப்பாட்டு மேசையில் கதை சொல்வது அப்படித்தான் வழக்கமானது. அதுவரை பள்ளியில் என்ன நடந்தது என்று அம்மா கேட்பாள், பிள்ளைகள் "ஒண்ணும் இல்ல" என்பார்கள். இப்போது சின்னவள் கேட்டாள், அம்மா சொன்னாள். சொல்வதில் அவள் கெட்டிக்காரி. குரல் மாற்றுவாள், நடந்து காட்டுவாள், கரண்டியைச் சுத்தியலாக்கித் தண்ணீர் ஜாடியைப் பாறையாக்கிவிடுவாள். நாலைந்து வாரத்தில் அவள் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் இந்த வீட்டு ஆட்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். யாருக்கும் பெயர் கிடையாது, பட்டப்பெயர்தான். முதல் நாள் கத்தியவர் பீரங்கி. வெயிலோ மழையோ, கட்டடத்துக்கு உள்ளேயோ வெளியேயோ, கையில் ஒரு பெரிய கறுப்புக் குடையோடு அலைகிற பெண் குடை. பாறைத்தூள் மூக்கில் ஏறி நாள் முழுக்கத் தும்முகிற பையன் தும்மல்.

குடைக்கும் தும்மலுக்கும் நடந்த சண்டை பல வாரம் ஓடியது. குடையின் பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கிய தும்மல் அதைத் தொலைத்துவிட்டான். குடை அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் இரண்டு பேரும் கேன்டீனில் ஒரே மேசையில்தான் உட்காருவார்கள்.

"அவன் பக்கத்துலதான் உப்பு இருக்கு," என்றாள் அம்மா. "இவ எதிர்ல இருக்கிறவகிட்ட சொல்றா: 'உப்பு வேணும்னு ஒருத்தர்கிட்ட சொல்லு.' அவன் சொல்றான்: 'உப்பைத் தொலைச்சிட்டேன்னு ஒருத்தர்கிட்ட சொல்லிடு.' நாங்க எல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

"அப்புறம் உப்பு குடுத்தானா?"

"குடுத்தான். குடுக்கும்போது தும்மிட்டான். மேசை முழுக்க உப்பு."

மறுநாள் அம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சின்னவள் கேட்பாள்: "ரெண்டு பேரும் பேசிட்டாங்களா?"

"இன்னும் இல்லை," என்பாள் அம்மா, ஏதோ போர் நிலவரம் சொல்வதுபோல.

பெரியவன் எதுவும் கேட்பதில்லை. ஆனால் கதை நடக்கும்போது எழுந்து போவதும் இல்லை.

பள்ளி இறுதி ஆண்டு மாணவர்கள் வந்து பார்த்துப்போக, பல்கலைக்கழகத்தில் வருடத்துக்கு ஒருநாள் எல்லாத் துறைகளையும் திறந்துவைப்பார்கள். பெரியவன் அவனுடைய வகுப்புப் பையன்கள் இருவரோடு போனான். போவதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வாசலில் வந்து நிற்பாள், எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவாள் என்று பயம். கணினித் துறையைப் பார்த்தார்கள், இயந்திரத் துறையைப் பார்த்தார்கள். பிறகு அவன் கழிப்பறை போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாக நிலவியல் கட்டடத்துக்குப் போனான்.

நடைகூடத்தில் நீள மேசைகள் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, பாறைத் துண்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நின்ற பையன் ஒரு துண்டைக் கையில் எடுத்து, "இது எரிமலைக் குழம்பு ஆறி..." என்று ஆரம்பித்து, முகத்தைத் திருப்பி மூன்று தடவை தும்மினான். பெரியவனுக்கு அவனை நெடுநாள் பழகியவன்போல் இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"உங்க கிளாஸ்ல கொஞ்சம் வயசானவங்க ஒருத்தங்க படிக்கிறாங்களாமே?" என்று கேட்டான்.

"ஆமா, ஒரு ஆன்ட்டி."

"எப்படி, நல்லாப் பேசுவாங்களா?"

"அவங்களா? வாயே திறக்க மாட்டாங்க. வருவாங்க, எழுதுவாங்க, போவாங்க."

"பேரு என்ன?"

தும்மல் யோசித்தான். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தான். "டேய், ஆன்ட்டி பேரு என்னடா?" அவனுக்கும் தெரியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஏதோ தங்களுக்குள் உள்ள விஷயத்துக்குப்போலச் சிரித்தார்கள். "நாங்க வேற பேரு சொல்லுவோம். விடுங்க தம்பி. இதைப் பாருங்க, இது சுண்ணாம்புக் கல்லு."

மதிய இடைவேளைக்கு எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். பெரியவன் தன் நண்பர்களைத் தேடிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தபோது கண்ணாடிச் சன்னல் வழியாக உள்ளே பார்த்தான். ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி முதுகில் ஒரு கறுப்புக் குடை தொங்கியது. அடுத்த மேசையில் அம்மா தனியாக இருந்தாள். அவர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, டிபன் டப்பாவில் இருந்ததை மெல்லச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர்கள் மேசையில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு நொடி கழித்து அம்மாவின் தோள் குலுங்கியது. அவள் தண்ணீர் டம்ளரைத் தூக்கி வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு டம்ளரை வைத்துவிட்டு, டப்பாவில் எதையோ தேடுகிறவள்போல் குனிந்து, அடுத்த பேச்சுக்குக் காத்திருந்தாள்.

"டேய், இங்க என்னடா பண்றே?" என்று நண்பன் தோளில் கை போட்டான்.

"ஒண்ணும் இல்ல. கூட்டமா இருக்கு. வெளியே எங்கயாவது சாப்பிடலாம்."

அன்று சாயங்காலம் அம்மா கண்காட்சிக் கதை சொன்னாள். தும்மல் தும்மிய தும்மலில் வெள்ளைத் துணி பறந்ததாம். "நாங்க எல்லாம் ஒரே சிரிப்பு," என்றாள். பெரியவன் இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டான்.

இரண்டொரு நாள் கழித்துக் காலையில் அப்பா வேலைப்பையில் ஸ்பேனர்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பார்த்ததைச் சொன்னான். அப்பா நிமிரவில்லை.

"தெரியும்," என்றார்.

"அம்மா சொன்னாங்களா?"

"அவ எங்க சொல்றா? கதை சொல்றப்போ கையை எப்படி ஆட்டுறான்னு பாரு. அந்த முதல் நாள் கதை சொன்னாளே, அப்ப கையையே ஆட்டல. அது அவளுக்கு நடந்தது."

"அப்ப நீங்க ஏன் எதுவும் கேட்கல?"

"கேட்டு?" அப்பா பையின் வாரை இழுத்துக் கட்டினார். "அவ பொய் ஒண்ணும் சொல்லல. நடந்ததைத்தான் சொல்றா. கொஞ்சம் கிட்ட உட்கார்ந்து சொல்றா, அவ்வளவுதான்." லிஃப்டைப் பற்றிப் பேசும் அதே குரலில் சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

பெரியவனும் அப்படியே விட்டிருப்பான். ஆனால் சின்னவளின் பள்ளியில் நாடகம் வந்தது. அதில் அவள் மழையாக வருகிறாள். வெள்ளி நூல் தொங்கும் உடையில் மேடையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மூன்று தடவை ஓட வேண்டும். அதற்குக் குடையை அழைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள்.

"அவங்களுக்குப் பரீட்சை இருக்கும்டி," என்றாள் அம்மா.

"உனக்கும்தான் பரீட்சை. நீ வர்றேல்ல? கேட்டுப் பாரும்மா. மழைக்குக் குடை வரலேன்னா எப்படி?"

"பார்க்கலாம்."

"நேத்தும் இதையேதான் சொன்னே. இப்பவே போன் போடு. நான் பேசுறேன்."

"நம்பர் எங்கயோ எழுதி வெச்சேன்..."

"அவங்க எப்படிம்மா வருவாங்க?" என்றான் பெரியவன். குரல் அவன் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது. "அவங்களுக்கு உன் பேரே தெரியாதே!"

சின்னவள் அண்ணனைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா கையில் இருந்த கரண்டியைப் பாத்திரத்தில் வைத்து மூடினாள்.

"நீ எப்ப வந்தே?" என்று கேட்டாள்.

"கண்காட்சி அன்னைக்கு."

"என்னைப் பார்த்தியா?"

"கேன்டீன்ல."

"பார்த்துட்டு ஏன் உள்ளே வரல?"

அவன் தட்டைத் தள்ளிவைத்தான். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தாள். அன்று கழுவ வேண்டியதைவிட அதிக நேரம் தண்ணீர் ஓடியது.

அதற்குப் பிறகு கதை நின்றுபோனது. அம்மா கோபமாக இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், சாப்பாடு போட்டாள், கடைக்குப் போனாள். "இன்னைக்கு என்னம்மா நடந்துச்சு?" என்று சின்னவள் கேட்டால், "பாடம் நடந்துச்சு," என்பாள். சாப்பாட்டு மேசையில் ஜாடியிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அது இத்தனை நாள் யார் காதிலும் விழுந்ததில்லை. சின்னவள் அண்ணனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். நாடகத்தன்று மழையாக ஓடும்போது கீழே அம்மா, அப்பா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துக் கையசைத்தாள். பெரியவன் உட்கார்ந்திருந்த பக்கம் அசைக்கவில்லை.

பரீட்சைக்கு முன்னால் வகுப்பு முழுவதும் மலைப்பகுதிக்குப் போய்ப் பாறைகளைப் பார்த்துக் குறித்துவர வேண்டும். போகாதவர்களுக்கு மதிப்பெண் இல்லை. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அம்மா அப்பாவிடம், "போகலேன்னா என்னங்க? அந்த ஒரு பேப்பர்தானே போகும்," என்றாள். அப்பா, "போற பேப்பர் உன்னோடது. நீதான் சொல்லணும்," என்றார். அதற்கு அவள் சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவளிடம் மலையில் நடக்க ஒரு சப்பாத்து இல்லை என்பது தெரிந்தது. இருந்தது கடைக்குப் போட்டுப்போகும் மெல்லிய செருப்பு. இனிமேல் வாங்கப் போக நேரமும் இல்லை. விடிந்து எழுந்து பார்த்தபோது வாசலில் பெரியவனின் சப்பாத்து ஜோடி துடைத்து வைக்கப்பட்டிருந்தது. உள்ளே சுருட்டிய காலுறை. அவன் தன் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான். அம்மா போட்டுப் பார்த்தாள். எப்போது இவன் கால் என் கால் அளவுக்கு வந்தது என்று நினைத்துக்கொண்டாள். விரல்நுனியில் கொஞ்சம் இடம்கூட மிச்சம் இருந்தது. கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் மாலையில் திரும்பி வந்தாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது. முழங்கையில் பிளாஸ்திரி. பையைக் கீழே போட்டாள். உள்ளே கற்கள் மோதிச் சத்தம் வந்தது. குளித்துவிட்டு வந்து, பின்பக்கத் தொட்டியில் சப்பாத்தின் மண்ணைக் கழுவ உட்கார்ந்தாள். பெரியவன் வந்து கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்றான். கொஞ்ச நேரம் அவள் பிரஷ்ஷால் தேய்ப்பதையே பார்த்தான்.

"கடிச்சுதா?" என்றான்.

"இல்ல. நல்லா இருந்துச்சு."

"குடும்மா, நானே கழுவுறேன்."

"இரு, முடிஞ்சுது." தேய்த்துக்கொண்டே சொன்னாள்: "பஸ்ஸுல வாந்தி எடுத்துட்டேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"மலை ஏற ஆரம்பிச்சதும் ஒரே வளைவு. தலை சுத்துது. நிறுத்தச் சொல்லலாம்னா பீரங்கி முன்னாடி நின்னு மைக்குல பாடம் நடத்திட்டு வர்றாரு. கையை வாயில வெச்சு அடக்கிப் பார்த்தேன். முடியல. பின் சீட்டுல இருந்த அந்தப் பொண்ணு பார்த்துட்டா. கவர் இல்ல, ஒண்ணும் இல்ல. என்ன பண்ணினா தெரியுமா? டக்குன்னு குடையை விரிச்சுத் தலைகீழாப் பிடிச்சுட்டா."

"குடையிலயா?"

"குடையிலதான். முழுக்க."

சத்தம் கேட்டுச் சின்னவள் ஓடி வந்து அண்ணனின் கைக்கு அடியில் புகுந்து நின்றாள். "யாரு குடையில? என்ன ஆச்சு?" அம்மா முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. கையில் பிரஷ் இருந்தது. அதை அவள் ஆட்டவில்லை.

"பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்குது. எனக்கு அப்படியே இறங்கி வீட்டுக்கு நடந்து வந்துடலாம்னு இருந்துச்சு. அந்தக் குடையை அப்படியே பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் அடுத்த வளைவு வரைக்கும் நின்னான். யாரு தெரியுமா? தும்மல். 'தும்மிடாதேடா, தும்மிடாதேடா'ன்னு பஸ்ஸே கத்துது."

சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தும்மினானா?"

"இல்லை. சாமர்த்தியசாலி. பஸ்ஸை நிறுத்தினதும் அந்தப் பொண்ணு என்னைக் கீழே கூட்டிட்டுப் போய் மூஞ்சியைக் கழுவிவிட்டா. தலையைப் பிடிச்சுக்கிட்டா. நான் உங்களுக்குப் பிடிச்சுவிடுற மாதிரி. கழுவிவிட்டுக் கேட்கிறா: 'உங்க பேரு என்னக்கா?'"

பெரியவன் தரையைப் பார்த்தான். அம்மா அவனைப் பார்க்காமல் சப்பாத்தின் நாக்கை வெளியே இழுத்துக் கழுவினாள்.

"ராத்திரி அவ ரூம்லதான் தங்கினேன். அப்பதான் சொன்னா. எனக்கு அவங்க வெச்சிருந்த பேரு கேமராவாம்."

"கேமராவா? ஏன்?"

"முதல் நாள் நான் 'உட்காருங்க'ன்னு சொன்ன தோரணையைப் பார்த்துட்டு, அவங்களை வேவு பார்க்க டிபார்ட்மென்ட்டே என்னை உட்கார வெச்சிருக்குன்னு பேசிக்கிட்டாங்களாம். கேன்டீன்ல வேற எப்பவும் பக்கத்து மேசையில போய் உட்காருறேனா, கேட்கவே வேண்டாம். முக்கியமான விஷயம் எல்லாம் நான் எழுந்து போன அப்புறம்தான் பேசுவாங்களாம்." அம்மா சப்பாத்தைத் தட்டி நீரை வடித்தாள். "இத்தனை நாளா நான் கொண்டுவந்து உங்ககிட்ட சொன்னது எல்லாம் அவங்க சும்மா பேசினது."

"அப்ப அந்தச் சண்டை?" என்றாள் சின்னவள் பதறிப்போய்.

"அது நிஜச் சண்டைதான். ஆனா ரெண்டாம் நாளே பேசிட்டாங்களாம். நான் டம்ளரை வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறதைத் தும்மல் பார்த்திருக்கான். 'கேமரா சிரிக்குதுடா'ன்னு சொல்லியிருக்கான். அதுக்கப்புறம் எனக்காகவே இழுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. நான் எழுந்து போனதும் உப்பை ஒழுங்காக் கையில குடுத்துக்குவாங்களாம்."

சின்னவளுக்கு இது பெரிய துரோகமாகப் பட்டது. பல வாரக் கவலை வீணாகப் போய்விட்டதே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பெரியவன் மட்டும், "நான் அன்னைக்கு உள்ளே வந்திருக்கணும்," என்றான்.

"வந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல," என்றாள் அம்மா. "அவங்க முன்னாடி உன்னைப் பேரு சொல்லிக் கூப்பிடணும்னாகூடச் சத்தம் வந்திருக்காது. இந்தா பிடி. காத்துல வை."

அவன் சப்பாத்தை வாங்கிக்கொண்டு போய் மாடி வராந்தாவில் சுவரோரமாகச் சாய்த்து வைத்தான்.

அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழாக மாறிவிடவில்லை. கேன்டீனில் நாற்காலியை இழுத்துப்போட்டு இடம் கொடுத்தார்கள். சில நாள் அம்மா அங்கே உட்கார்ந்தாள், சில நாள் பழைய மேசையிலேயே உட்கார்ந்தாள். அவர்களுடைய பாட்டுகளும் வேடிக்கைகளும் பாதி அவளுக்குப் புரியவில்லை. பாதிப் பேர் அவளை இன்னும் ஆன்ட்டி என்றார்கள். பட்டப்பெயரும் போகவில்லை; இப்போது அவள் காதுபடவே கூப்பிட்டார்கள். முதல் வருடப் பரீட்சையில் வேதியியல் தாளில் அம்மா தோற்றுப்போனாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே சொன்னாள்: "கெமிஸ்ட்ரி போச்சு." மகனுக்கும் அதே வாரம் பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்திருந்தது. அவன் அதில் நன்றாகத் தேறியிருந்தான். யாரை முதலில் விசாரிப்பது என்று தெரியாமல் அப்பா இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"நான் சொல்லித்தரவா?" என்றான் பெரியவன்.

"உனக்கு எங்க பாடம் தெரியும்?"

"ஸ்கூல்ல படிச்ச கெமிஸ்ட்ரி இருக்குல்ல."

"வேண்டாம். உனக்குப் பொறுமை போதாது. அந்தப் பொண்ணு வர்றேன்னு சொல்லியிருக்கா. அவளுக்கும் போயிடுச்சு."

இப்படித்தான் ஒரு விடுமுறை நாளில் குடை அந்த வீட்டுக்கு வந்தாள். சின்னவள் காலையிலிருந்தே படிக்கட்டில் காத்திருந்தாள். வந்தவள் ஒல்லியாக, அம்மாவின் தோள் உயரம் இருந்தாள். கையில் குடை இல்லை. மலைப்பயணத்துக்குப் பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிட்டாளாம். "வேற வாங்கலியா?" என்று சின்னவள் கேட்டாள். "வாங்கணும்," என்றாள் அவள். அவ்வளவுதான். உப்புச் சண்டையைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தாள். அதை நடித்துக் காட்டச் சொன்னபோது வெட்கப்பட்டு அம்மாவைப் பார்த்தாள். குரலும் சின்னது. அம்மா நடித்துக் காட்டிய குடை இவளைவிட எத்தனையோ மடங்கு நன்றாக இருந்தாள். சின்னவள் கொஞ்ச நேரத்திலேயே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"அக்கா, இந்தச் சமன்பாடு மட்டும் எனக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது."

"எனக்கு ஏறுது, ஆனா நிக்க மாட்டேங்குது. மறுபடியும் எழுது."

இரண்டு பேரும் சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் படித்தார்கள். மற்ற மூன்று பேரும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றபடி சாப்பிட்டார்கள். பெரியவன் தூர ஊரில் இருந்த வேறு கல்லூரியில் சேர முடிவு செய்திருந்தான். அன்று அதைப் பற்றி அம்மாவிடம் பேச வேண்டும் என்று இரண்டு தடவை மேசைப் பக்கம் போனான். இரண்டு தடவையும் அம்மா நிமிராமல் விரலைத் தூக்கி, கொஞ்சம் இரு என்று காட்டினாள்.

விளக்கு போடும் நேரத்தில் அந்தப் பெண் கிளம்பினாள். பஸ் நிறுத்தம்வரை கூடப் போய்விட்டு வருவதாகச் சொல்லி அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அப்பா மேசையைத் துடைத்தார். பெரியவன் தட்டுகளைக் கழுவினான்.

"அம்மா எங்கப்பா இன்னும் காணோம்?" என்றான்.

"பஸ் வந்திருக்காது."

சின்னவள் வராந்தாக் கம்பியில் ஏறி நின்று எட்டிப் பார்த்தாள். நிறுத்தத்து விளக்குக்குக் கீழே இருவரும் நிற்பது தெரிந்தது. அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் முகத்தை நிமிர்த்திக் கேட்டாள். பிறகு அந்தப் பெண் ஏதோ சொன்னாள், அம்மா தலையை ஆட்டினாள். பஸ் வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள், ஒருவர் ஏறினார், பஸ் போனது.

"பஸ் வந்துட்டுப் போயிடுச்சுப்பா," என்றாள் சின்னவள். "அவங்க ஏறவே இல்ல. இன்னும் பேசிட்டே இருக்காங்க."

"என்ன பேசுறாங்க?" என்று கேட்டான் உள்ளேயிருந்து பெரியவன்.

"இங்க இருந்து எப்படிக் கேட்கும்?" என்றாள் சின்னவள். கம்பியிலிருந்து இறங்கி, அண்ணன் கழுவி வைத்த தட்டுகளைத் துடைக்கத் துணியை எடுத்தாள்.